சாவியக்கா பேரில் ஒரு படகு

சந்தைத் தெருவில் சாவியக்கா கடை எது என்று கேட்டால் யாரும் கையைக் காட்டிவிடுவார்கள். அவள் எதையெல்லாம் மல்லுக்கட்டி ஜெயித்தாள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது.

முதலில் கடை. மாடிப்படிக்குக் கீழே நாலடி அகலம், ஆறடி நீளம். உள்ளே போனால் தலை நிமிர முடியாது. பொம்பளைக்குப் பூட்டு வேலை எதற்கு என்று தெருவில் இருந்த மூன்று பூட்டுக்காரர்களும் கேட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் தங்களுக்குப் புரியாத பூட்டை இப்போது அவளிடம்தான் அனுப்புகிறார்கள். மூன்றாமவர் ஒருநாள் தன் வீட்டுச் சாவியைத் தானே தொலைத்துவிட்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் கடை முன்னால் வந்து நின்றார்.

அடுத்தது மரக்கடையின் இரும்புப் பெட்டி. வெளியூரிலிருந்து வந்த மூன்று பேர் துளைபோடும் இயந்திரத்தை வைத்து இரண்டு நாள் போராடியும் திறக்காதது. சாவியக்கா அதன்மேல் காதை வைத்து நாற்பது நிமிடத்தில் திறந்தாள். உள்ளே மரக்கடை முதலாளியின் பல்செட் மட்டும்தான் இருந்தது. அது அவள் குற்றமில்லை.

அப்புறம், கரையில் உட்கார்ந்து தூண்டில் போடும் போட்டி. அறுபத்திரண்டு ஆண்களுக்கு நடுவே இவள் ஒருத்தி. இரண்டாம் பரிசு, ஒரு வெந்நீர்க் குடுவை. அதன் மூடி சரியாக உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அரத்தால் இரண்டு தேய், சரியாகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேல், இடது கை. முதல் வகுப்பு ஆசிரியை அந்தக் கையைப் பெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்போட்டார். வலது கையில் எழுத்து வரவில்லை, காய்ச்சல்தான் வந்தது. இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. கட்டிப்போட்ட அதே கைதான் இருபத்து மூன்று வருடமாக அரம் பிடித்துச் சோறு போடுகிறது.

இவ்வளவும் வந்தவளுக்கு நாற்பத்து நாலு வயதுவரை வராத ஒன்று, தன் பேரை எழுதுவது.

அது அவளுக்குப் பெரிய குறையாகப் பட்டதில்லை. குறைபட்டுக்கொண்டது அண்ணன்தான். அவன் இரும்புச் சாமான் கிடங்கில் பொருள் எடுத்துக் கொடுப்பவன், எட்டாம் வகுப்பு. எந்த ஆணி எந்தத் தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். தங்கைக்காக இதுவரை நாலு முறை நோட்டு வாங்கியிருக்கிறான். நாலும் கடையில் சாவி மடிக்கும் காகிதமாகப் போய்ச் சேர்ந்தன. "எழுத்து என்னப் பார்த்து மொறைக்குது அண்ணா, விட்டுடு" என்பாள்.

அண்ணனும் தங்கையும் வருடத்தில் ஒருநாள் பெரிய ஏரிக்குப் போவார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாத ஏரி. நடுவில் தண்ணீருக்குள்ளேயே பட்டுப்போய் நிற்கும் மொட்டை மரங்கள். மார்ச் இருபதாம் தேதி வாக்கில் மீன் முட்டையிடும் காலம் என்று மூன்று மாதம் படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். அதற்கு முந்தைய ஞாயிறுதான் அவர்களுடைய நாள். படகுச் சீட்டில் அண்ணன் கையெழுத்துப் போடுவான், அண்ணனே துடுப்பும் போடுவான். அவன் துடுப்புப் போட்டால் படகு நேராகப் போகாது. பால் வைத்த தட்டைச் சுற்றும் பூனை மாதிரி கரையோரமாகவே சுற்றும். மொட்டை மரங்கள் தூரத்தில் தெரியும், அவ்வளவுதான்.

அந்த மரங்களுக்கு அடியில் ஒரு பெரிய மீன் இருந்தது. என்ன மீன் என்று முழுசாகப் பார்த்தவர் யாருமில்லை. அறுந்த தூண்டில் நரம்பை வைத்துத்தான் அதை எல்லோருக்கும் தெரியும். சாவியக்காவுக்கு ஏழு வருடமாக அதன்மேல் ஒரு கண்.

அந்த வருடம் திங்கட்கிழமை காலை, கிடங்கு ஏணியின் கடைசிப் படியை அண்ணன் தரை என்று நினைத்து நடந்துவிட்டான். முட்டி வீங்கி, கட்டுப் போட்டு, மூன்று வாரம் காலை மடக்கி அழுத்தக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். துடுப்புப் போட காலை ஊன்றித்தான் ஆகவேண்டும்.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்த தங்கை, நாற்காலியில் நீட்டி வைத்திருந்த காலைப் பார்த்தாள். அதன்மேல் விரித்து வைத்திருந்த காகிதத்தையும் பார்த்தாள்.

"என்ன அது, கால்மேல?"

"ஞாயித்துக்கிழமைக்குப் பட்டியல்."

"எத்தன?"

"முப்பத்தொண்ணு. தூண்டில் ரெண்டு, நரம்பு மூணு சுருள், ஈயக்குண்டு பன்னெண்டு, தக்கை ஆறு, புழு டப்பா, டப்பாவுக்கு மூடி..."

"மூடிக்குத் தனி நம்பரா?"

"போன தடவ மூடி இல்லாமப் போயி, புழு பூரா பஸ்ல இறங்கிப் போச்சே. கண்டக்டர் கேட்ட கேள்வி மறந்துடுச்சா?"

அடுப்பங்கரையிலிருந்து அண்ணி தலையை நீட்டினாள். "பட்டியல்ல முட்டியச் சேத்தாச்சான்னு கேளு. துடுப்ப யாரு போடுறதாம்?"

"நான் போடுறேன்" என்றாள் தங்கை. அவள் கையைப் பார்த்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

அண்ணன் மறுநாள் ஏரி அலுவலகத்துக்குப் போன் போட்டான். எடுத்தது சீட்டு எழுதும் அம்மா. துடுப்புப் போடுபவர் பேரில்தான் சீட்டு என்றார். போகும்போது ஒரு கையெழுத்து, திரும்பி வந்ததும் ஒரு கையெழுத்து, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். முன்பு ஒருமுறை இரண்டு பேர் நடு ஏரியில் படகை மாற்றிக்கொண்டார்களாம். ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவரைத் தண்ணீருக்குள் தேடியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இந்தச் சட்டம்.

"ஒத்துப்போகலைன்னா என்னம்மா செய்வீங்க?"

"அந்தப் பேரை அடிச்சிடுவோம். அப்புறம் அந்தப் பேருக்கு இங்க படகு கிடையாது."

"கைரேகை வெச்சா?"

"வெக்கலாமே. கோடு தெளிவா விழணும்."

கிடங்கிலிருந்து மைப்பெட்டி வந்தது. சாப்பாட்டு மேசைமேல் காகிதத்தை விரித்து, தங்கை கட்டைவிரலை வைத்து எடுத்தாள். கறுப்பாக ஒரு சொட்டு. அதில் ஒரு கோடுகூட இல்லை. இருபத்து மூன்று வருடம் பித்தளையைத் தேய்த்ததில் விரலும் கூடவே தேய்ந்திருந்தது. அடுத்த விரல், அதற்கடுத்த விரல், மற்ற கை. பத்து விரலும் பத்து அவரை விதை மாதிரி வரிசையாகக் காகிதத்தில் உட்கார்ந்தன. வலது சுண்டுவிரலில் மட்டும் கொஞ்சம் கோடு தெரிந்தது. அதன் நடுவிலும் ஒரு பழைய வெட்டுக்காயம்.

அண்ணி காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "பூட்டும் தெறக்கத் தெரியும், ரேகையும் விழாது. நீ மட்டும் திருடப் போயிருந்தா நாம இப்ப எங்கயோ இருந்திருப்போம்."

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் தங்கை மட்டும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேணா பக்கத்து வீட்டுத் தம்பியக் கூப்பிடுறேன்" என்றான் அண்ணன். "அவன் கையெழுத்துப் போட்டு, துடுப்பும் போடட்டும்."

"அப்ப படகு அவன் பேர்ல."

"பேர்ல என்ன இருக்கு?"

"உனக்கென்ன, ஏழு வருஷம் உன் பேர்ல எடுத்துட்ட." அவள் கோபமாகச் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த மையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஒரு தடவ என் பேர்ல எடுக்கணும்ணா. மொட்ட மரத்துக்கிட்ட என் பேர்ல போகணும்."

 ஏழு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் மனசில் இது இருந்தது அண்ணனுக்குத் தெரியாது. ஆணி இருக்கும் தட்டெல்லாம் தெரிந்தவன்.

தங்கை கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "என் பேரை எழுது. பெருசா. எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு."

அவன் அடிக்கோல் வைத்து, கோடு போட்டு எழுதிக் கொடுத்தான். அவள் அதை வாங்கி, வாடிக்கையாளர் கொடுத்த சாவியைப் பார்ப்பது மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"இது வளையம். இது பள்ளம். இங்க ஒரு கொக்கி. இந்த மூணாவதுக்கு எதுக்கு இந்தக் கால்?"

"அது இல்லைன்னா நீ வேற ஆளாயிடுவ."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்."

அவள் செய்ய நினைத்தது இதுதான். மெல்லிய பித்தளைத் தகட்டில் தன் பேரைத் துளையாக அறுத்து எடுப்பது. தகட்டைச் சீட்டின்மேல் வைத்து, துளைக்குள் பேனாவை ஓட்டினால் பேர் விழும். புதன்கிழமை முழுக்கக் கடையில் அதே வேலை. முதல் தகடு வீணாயிற்று. வளையம் வரும் எழுத்துகளைச் சுற்றி அறுத்ததும் நடுவில் இருந்த துண்டு பொத்தென்று கீழே விழுந்து, வளையத்துக்குப் பதில் பெரிய ஓட்டை நின்றது. சாவி வெட்டுகிறவர்கள் ஓரத்தை மட்டுமே வெட்டிப் பழகியவர்கள், நடுவில் வெட்டியதில்லை. வியாழக்கிழமை இரண்டாவது தகட்டில் மூன்று வளையத்துக்கும் மெல்லிய பாலம் விட்டு அறுத்தாள். பாலம் இருக்கும் இடத்தில் கோடு விட்டுப்போகும். தகட்டை எடுத்த பிறகு அந்த மூன்று இடத்தையும் பேனாவால் சும்மா இணைத்துவிட வேண்டும்.

அண்ணனுக்கு மனசு உறுத்தியது. "இது ஏமாத்துற மாதிரி இல்ல?"

"அச்சு வெச்சுத்தானே சாவி வெட்டுறேன். பூட்டு தெறக்குதா இல்லையா?"

அண்ணன் கிடங்கில் வீணான தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தான். வியாழன், வெள்ளி, சனி மூன்று சாயங்காலமும் அவள் தகட்டை வைத்து ஓட்டினாள். ஓட்டு, எடு, மூன்று இடத்தை இணை. ஓட்டு, எடு, மூன்று இடத்தை இணை. அண்ணன் எண்ணிக்கொண்டே வந்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு. பட்டியலில் முப்பத்திரண்டாவதாக 'தகடு' என்று சேர்த்தான்.

ஞாயிறு விடிந்ததும் முதல் பஸ். புழு டப்பாவின் மூடியை அண்ணன் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தான். கண்டக்டர் அதே ஆள். டப்பாவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், நாலு சீட் தள்ளிப் போய் நின்றார்.

ஏரி அலுவலகம் ஒரே அறை. சுவரில் துடுப்புகள், மேசைமேல் நீளமான சீட்டுப் புத்தகம், மேசையின் வலது ஓரத்தில் ஆணியடித்துக் கட்டிய பேனா. கயிறு குட்டை. இடது கைக்காரிக்கு எட்டவில்லை. அவள் புத்தகத்தையே பேனாப் பக்கம் இழுத்துக்கொண்டாள். சீட்டு எழுதும் அம்மா கண்ணாடியைத் துடைப்பதற்குள் தகடு உள்ளங்கைக்கு அடியில் போய் உட்கார்ந்து, பேனா ஓடி, மூன்று இடமும் இணைந்துவிட்டது.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "அழகா இருக்கே. அச்சடிச்ச மாதிரி."

அண்ணனுக்கு இருமல் வந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?"

"அண்ணன். அவருக்கு முட்டிதான், இருமல் புதுசு" என்றாள் சாவியக்கா.

அந்த அம்மா சீட்டின் நகலைக் கிழித்துக் கொடுத்தார். படகு பதினாலு. துறைக்கு இறங்கும்போது சீட்டை அண்ணனிடம் நீட்டி, படிக்கச் சொன்னாள். அவன் படித்தான். படகு எண், நேரம், ஆள் இரண்டு, துடுப்புப் போடுபவர் என்று அவள் பேர்.

"கடைசி வரிய மட்டும் இன்னொரு தடவ."

படித்தான். அவள் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி படகை அவிழ்த்தாள்.

அவள் துடுப்புப் போட்டபோதுதான் படகு நேராகவும் போகும் என்று அண்ணனுக்குத் தெரிந்தது. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டு, பட்டியலை வாயில் கவ்விக்கொண்டு வந்தான். எட்டரை மணிக்கு மொட்டை மரங்களுக்கு நடுவில் இருந்தார்கள். தண்ணீர் கறுத்துக் குளிர்ந்து கிடந்தது. பத்து மணிக்குள் முழங்கை நீளத்தில் இரண்டு கெண்டை விழுந்தன. அண்ணன் ஒன்றைத் தூக்க, அது அவன் மடியில் விழுந்து துள்ள, அவன் முட்டியை மறந்து எழுந்து நிற்க, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"உக்காரு அண்ணா, ரெண்டு மீனு போதும், நீ வேற தண்ணியில விழுந்து மூணாவதா ஏறாத."

பெரிய மீன் பதினொரு மணிக்கு வந்தது. புழுவை அது மதிக்காது. நிழலில் பளபளவென்று போகிற சின்ன மீன்தான் அதற்கு வேண்டும். அதை ஏமாற்ற அண்ணன் மூன்று பளபளப்புத் தகடுகள் கொண்டுவந்திருந்தான், பட்டியலில் எண் ஒன்பது. முதல் தகட்டை நரம்போடு அறுத்துக்கொண்டு போனது. இரண்டாவது மரக்கிளையில் மாட்டிக்கொண்டது. மூன்றாவதையும் நரம்போடு அறுத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் ஒரு கை அகலத்துக்கு வெள்ளி மாதிரி திரும்பியது. அவ்வளவுதான் தெரிந்தது.

சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு மணிவரை இருவரும் தண்ணீரையே பார்த்தார்கள். அது படகுக்குக் கீழே இரண்டு முறை போய் வந்தது. அப்புறம் சாவியக்கா சட்டைப்பையிலிருந்து பித்தளைத் தகட்டை எடுத்தாள். வெயிலில் அது நன்றாகவே பளபளத்தது.

"ஏய், வேணாம்" என்றான் அண்ணன்.

"முடிச்சு என்னுது. போகாது."

"போச்சுன்னா சாயங்காலம் கையெழுத்து? பேரை அடிச்சிடுவாங்கம்மா."

"அண்ணா, ஏழு வருஷம்" என்றாள்.

அவன் பட்டியலை எடுத்து, முப்பத்திரண்டாவது வரியைப் பார்த்து, மடித்துவிட்டான். அவளிடம் இருந்த நரம்பிலேயே தடித்ததை அவனே எடுத்து நீட்டினான். தகட்டின் துளையில் தூண்டில் முள்ளைக் கோத்து அவள் முடிச்சுப் போட்டாள்.

வீசிய மூன்றாவது முறையே வந்தது. தூண்டில் வில்லாக வளைந்தது, படகு இழுபட்டுத் திரும்பியது. அவள் விட்டுக்கொடுத்து இழுத்தாள், இழுத்து விட்டுக்கொடுத்தாள். முழுசாகக் கால் மணி நேரம். கடைசியில் அது மேலே எழும்பியது. அண்ணனும் தங்கையும் அதை முழுசாகப் பார்த்தார்கள். அவள் கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம், கறுத்த முதுகு, வாயோரத்தில் பித்தளை. பார்த்த அடுத்த நொடி, முடிச்சு அவிழவில்லை, நரம்புதான் அறுந்தது.

தண்ணீர் அடங்கியது.

"என் பேர முழுங்கிட்டுப் போயிடுச்சு" என்றாள் அவள். சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. துடுப்பின்மேல் கவிழ்ந்து சிரித்தாள். அண்ணனும் முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம்தான் அவனுக்கு அது ஞாபகம் வந்தது. கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அவள் தவறாமல் சொல்வது.

"ஒண்ணு தொலையும், எப்பவும் ரெண்டா வெட்டிக்குங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவியே. நீ ரெண்டாவது வெட்டலையா?"

அவள் சிரிப்பு நின்றது. "வெட்டல" என்றாள்.

கரைக்குத் திரும்பினார்கள். பாதி வழியில் அண்ணன் பேனாவும் தாளும் எடுத்தான், எண் பத்தொன்பது. "எழுதிக் காட்டவா?"

"வேணாம். பாத்தா மொறைக்கும்."

துறைக்கு நூறு அடி இருக்கையில் துடுப்பை நிறுத்திவிட்டு, விரலைத் தண்ணீரில் நனைத்து, உட்காரும் பலகைமேல் எதையோ இழுத்தாள். அண்ணன் எட்டிப் பார்ப்பதற்குள் வெயில் அதைக் குடித்துவிட்டது. அவள் மறுபடி துடுப்பைப் பிடித்தாள்.

அலுவலகத்தில் சீட்டு எழுதும் அம்மா புத்தகத்தைத் திறந்து, காலைக் கையெழுத்தின்மேல் அளவுகோலை வைத்து மறைத்தார். "வந்த கையெழுத்து, இங்க."

சாவியக்கா புத்தகத்தைப் பேனாப் பக்கம் இழுத்தாள். பேனாவை அரம் பிடிப்பது மாதிரி பிடித்தாள். காகிதத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தாள். கை நகர்ந்தது. வளையம், பள்ளம், கொக்கி. முதல் பாலம் இருந்த இடத்தில் கை தானாக நின்று, தாண்டி, அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது. மூன்றாவது எழுத்தின் கால் வந்தது. அது இல்லாவிட்டால் வேறு ஆளாகிவிடுவாள், அது வந்தது. முடித்த பிறகு கை திரும்பிப் போய், விட்ட மூன்று இடத்தையும் ஒவ்வொன்றாக இணைத்தது. அண்ணன் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், படகில் பிடித்துக்கொண்டிருந்த மாதிரியே.

அந்த அம்மா அளவுகோலை எடுத்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருந்தது கொஞ்சம் பெரியது, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தது. ஆனால் அதே வளையம், அதே கொக்கி, இணைத்த மூன்று இடத்திலும் அதே போல மை தடித்திருந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஒரே கைதான்" என்றார். "காலைல போட்டது அச்சு மாதிரி இருந்துச்சு. இதுதான் ஆள் போட்ட மாதிரி இருக்கு." முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். "மீன் கிடைச்சுதா?"

"ரெண்டு கிடைச்சுது. ஒண்ணு கடன் வாங்கிட்டுப் போயிருக்கு" என்றாள் சாவியக்கா. "அடுத்த வருஷம் வந்து வாங்கிக்கிறேன். என் பேர்லயே படகு எழுதி வைங்க."

கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் என்ன வரும் என்று கேட்டாள். தேதி என்றார் அந்த அம்மா, அதைத் தானே எழுதிவிடுவதாகச் சொல்லி எழுதினார். அண்ணன் முட்டியை நீட்டி வைத்துக்கொண்டு குனிந்து, தங்கை கேட்டாள் என்பதற்காக அதைச் சத்தமாக இரண்டு முறை படித்தான், பட்டியலின் பின்பக்கத்திலும் குறித்துக்கொண்டான்: 2019 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை.